கூடு எண்ணிய வியாழக்கிழமைகள்

வேலையில் இருந்தவரை வியாழக்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல்தான். ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஒரு கிழமையில்தான் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலை ஏழரை மணிக்கெல்லாம் எதையோ மறந்தவள் போல வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். "புதுக்கோட்டை பஸ்ஸு போயி பத்து நிமிஷம் ஆச்சு, உக்காரு" என்று என் கணவர் கிண்டல் செய்வார். பொன்னமராவதியில் எங்கள் தெருமுனையில்தான் அந்த பஸ் திரும்பும். இருபது வருஷத்துக்கு மேல் அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவள் நான். இப்போதும் அது ஹாரன் அடித்தால் கை தானாகப் பையைத் தேடுகிறது.

நான் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன். வியாழக்கிழமைதோறும் எங்கள் மருத்துவமனையில் ஆஸ்துமா கிளினிக். ஜனங்கள் அதை 'இழுப்பு ஆஸ்பத்திரி' என்பார்கள். அந்த நாளில் கவுண்டரை விட்டுவிட்டு, டாக்டருக்குப் பக்கத்து மேசையில் நோட்டும் மருந்துமாக நான் உட்காருவேன்.

போன மாதம் இப்போதைய மருந்தாளுநர் கவிதா போன் செய்தார்.

"மேடம், பழைய ஆஸ்துமா நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டு இருக்கோம். முந்திரி வறுக்கிற ஊரு ஆளுக அஞ்சு பேருக்கு மட்டும், மூணு மூணு மாசத்துக் கட்டத்துல பென்சில் புள்ளி வச்சிருக்கு. என்ன புள்ளி மேடம் அது?"

எனக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவள் போல, "கட்டத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"'ஒழுங்கு'ன்னு எழுதியிருக்கு. ஒங்க கையெழுத்துதான். மருந்தை ஒழுங்கா எடுத்திருக்காக, ஆனா அஞ்சு பேருக்குமே இழுப்பு அடங்கல. ஒருத்தங்க ஐசியூ வரைக்கும் போயிருக்காக. புதுசா வந்த டாக்டரம்மா அதைப் பாத்துட்டு, 'அந்தப் புகையில வேலை பாக்குறவங்களுக்கு இந்த மருந்து கேக்காது போல'ங்கிறாங்க. இப்பவும் அந்த ஊர்லேருந்து நெறையப் பேரு வாராக மேடம். அவகளுக்கெல்லாம் தினசரி ஸ்டீராய்டு மாத்திரையா மாத்திரலாமான்னு யோசிக்கிறாங்க."

அதற்கு மேல் என்னால் தெரியாதவள் போல இருக்க முடியவில்லை. உறிஞ்சும் மருந்து நெஞ்சுக்குள் மட்டும் போகும். மாத்திரையாக வருஷக்கணக்கில் விழுங்கினால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண் மங்கும். நான் எழுதிய ஒரு வார்த்தை அத்தனை பேர் உடம்புக்குள் போகப் பார்க்கிறது.

"வியாழக்கிழமை வாரேன். அதுவரைக்கும் யாருக்கும் எதையும் மாத்த வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா" என்றேன்.

நான் படித்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் இரண்டு வருஷம் பார்மசி டிப்ளமோ. பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில வருஷம் மாத்திரை எண்ணினேன். எண்ணுவதில் எனக்கு நிகர் நான்தான் என்ற திமிர் அப்போதே வந்துவிட்டது. அந்தத் திமிரோடுதான் ஆஸ்துமா கிளினிக்குக்கு வந்தேன்.

அங்கே இருந்த டாக்டரை ஜனங்கள் 'நெஞ்சு டாக்டர்' என்பார்கள். பெயர் சொல்லிப் பழகவில்லை. நானும் அப்படியே எழுதுகிறேன். சன்னமான மனிதர். குரலும் சன்னம். நாற்காலியை மேசைக்குப் பின்னால் போடாமல் நோயாளிக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவுவார். அவர் சீவ ஆரம்பித்தால் நாங்கள் எழுதியதை ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொள்வோம்.

"மருந்து எடுத்தீங்களா?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "எப்படி எடுக்குறீங்க, காட்டுங்க" என்பார். அவ்வளவுதான். கேப்சூலைக் குழலுக்குள் போட்டு, திருகி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, குழலை உதட்டால் கவ்வி, ஒரே வீச்சில் வேகமாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். பிறகு குழலைத் திறந்து கேப்சூலில் தூள் மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, வாயைக் கொப்பளிக்க வேண்டும். பத்துப் பேர் காட்டினால் பத்து விதமாக இருக்கும். ஒருவர் குழலுக்குள் ஊதுவார். தூள் என் முகத்தில் அடிக்கும். ஒருவர் கேப்சூலைத் தண்ணீரோடு முழுங்கிவிட்டு, "காலையிலயே எடுத்துட்டேனே" என்பார்.

அதன்பிறகு ஊதுமானி, மூச்சின் வேகத்தை அளக்கும் குழாய். எழுந்து நின்று மூன்று முறை ஊத வேண்டும். மூன்றில் பெரிய எண்ணை நான் எழுதுவேன். நாள் முழுக்க அந்த 'ப்பூ'தான். அந்தச் சத்தத்துக்காக இப்போது ஏங்குவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அவருடைய நோட்டு நீளமான கோடு போட்ட நோட்டு. பெயர், ஊர், வேலை, வீட்டில் என்ன அடுப்பு, ஊதல் எண், தூக்கம் கெட்ட நாட்கள், மருந்து எடுத்த விதம். வருகிற எல்லோரையும் எழுத வேண்டும். ஒரு நாள் நார்த்தாமலைப் பக்கத்துக் கல்குவாரியில் வேலை செய்கிற ஒருவரை நான் எழுதாமல் விட்டேன். சாயங்காலம் நோட்டைப் பார்த்துவிட்டு, "கல்லுடைக்கிறவரு ஒருத்தர் வந்தாரே, எங்கம்மா அவரு?" என்றார்.

"அவரு பீடி குடிக்கிறவரு சார். சொன்னபடி வரவும் மாட்டாரு. அவரைச் சேத்தா நம்ம நோட்டுத்தான் கெட்டுப்போகும்."

அவர் பென்சிலை எடுத்துச் சீவினார். சீவி முடித்த பிறகுதான் பேசினார்.

"பெரிய ஊர்ல ஒரு மருந்தைச் சோதிச்சுப் பாக்குறப்ப ஆளைப் பொறுக்கித்தாம்மா எடுப்பாங்க. பீடி குடிக்கக்கூடாது, வேற நோய் இருக்கக்கூடாது, சொன்ன தேதிக்கு வரணும். அதுவும் வேணும், தப்புன்னு சொல்லல. ஆனா நம்ம ஆளுக யாரும் அந்த வாசலுக்குள்ள போகவே முடியாது. அவங்களுக்கு அந்த மருந்து என்ன பண்ணுதுன்னு யாரு எழுதுவா? கெட்டுப்போனா கெட்டுப்போகட்டும். எப்படிக் கெட்டுப்போச்சுன்னாவது தெரியும்ல."

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அவரிடம் ரப்பர் கிடையாது. நோட்டில் எதையும் அழிக்கக்கூடாது. தப்பாக எழுதியிருந்தால் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். யார் எழுதினார்களோ அவர்களே அடிக்க வேண்டும். சந்தேகம் வந்த கட்டத்தில் அவர் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். நாங்கள் திருத்தியதும் அந்தப் புள்ளியிலிருந்தே மேலே இழுத்து ஒரு டிக் போடுவார்.

கூடு எண்ணும் யோசனை என்னுடையது. எடுத்தேன் எடுத்தேன் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, இதை எப்படி நம்புவது என்று எனக்கு ஆற்றாமை. ஒரு மாதத்துக்கு அறுபது கேப்சூல், காலை ஒன்று இரவு ஒன்று. உறிஞ்சி முடித்த வெறும் கூடு அறுபதையும் பையில் போட்டுக் கொண்டுவந்தால்தான் அடுத்த அறுபது என்று சட்டம் போட்டேன். மாத்திரை எண்ணும் தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவேன். அறுபது இருந்தால் நோட்டில் 'ஒழுங்கு'. குறைந்தால் என் வாயிலிருந்து தப்ப முடியாது. 'கூடு டீச்சர்' என்று எனக்குப் பட்டப்பெயர் வந்தது. உள்ளுக்குள் சந்தோஷம்தான். டாக்டர் மட்டும், "கூடு சரி... பாப்போம்" என்றார்.

வள்ளிக்கண்ணு தஞ்சாவூர் சாலையிலுள்ள முந்திரி வறுக்கும் ஊர் ஒன்றிலிருந்து வருவார். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். திறந்தவெளியில் இரும்புச் சட்டியில் கொட்டையைப் போட்டுக் கிளறினால் ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து பற்றிக்கொள்ளும். அந்தப் புகை தொண்டையைக் கீறும். வள்ளிக்கண்ணுவின் விரல்கள் அந்த எண்ணெயில் கறுத்துக் கிடக்கும். அந்தக் கையால் மருந்துக் குழலை ஏதோ பூவைப் பிடிப்பது போலப் பிடிப்பார். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சிரித்து முடித்ததும் இருமல்.

முதல் வருஷம் வறுவல் காலத்தில் இரண்டு மாதம் வரவில்லை. வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஒங்க முந்திரி ஒரு நாள் காத்திருக்காதா?"

"முந்திரி காத்திருக்கும் டீச்சரம்மா, ஏவாரி காத்திருக்க மாட்டாரு. ஒரு நாள் வரலேன்னா சட்டியை வேற ஆளுகிட்டக் குடுத்துருவாரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த தடவ இப்படிப் பண்ணினா மருந்து கிடையாது."

மிரட்டினேனே தவிர, மருந்து கொடுக்காமல் அனுப்புகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அது எனக்கு மட்டும்தானே தெரியும்?

அடுத்த தையிலிருந்து வள்ளிக்கண்ணு வேறு ஆளாகிவிட்டார். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் தேதி தவறாமல் வந்தார். சுருக்குப்பையை அவிழ்த்தால் கூடு அறுபது, குறையாமல். அதே ஊரிலிருந்து வந்த மற்ற நாலு பெண்களும் அப்படியே. மூன்று மாதமும் ஐந்து பேருக்கும் 'ஒழுங்கு' எழுதினேன். வரிசையில் நின்றவர்களிடம், "வள்ளிக்கண்ணுவப் பாத்துக் கத்துக்கங்க" என்று உரக்கச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று நினைத்தேன்.

பங்குனியில் டாக்டர் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கூடு அறுபதும் வந்திருக்கு. ஊதல் ஏறவே இல்லையேம்மா."

"புகை சார்."

"இருக்கலாம். எடுத்துக் காட்டுங்கம்மா, பாப்போம்." வள்ளிக்கண்ணு எடுத்துக் காட்டினார். ஒரு குறை சொல்ல முடியாது. சொல்லிக்கொடுத்தது நானல்லவா!

சித்திரையில் ஒரு நாள் முற்பகல், ஷேர் ஆட்டோவில் வள்ளிக்கண்ணுவைக் கொண்டுவந்தார்கள். முன்னால் குனிந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். உதடு நீலம். பெயர் கேட்டால் 'வள்' என்பதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அன்று கண்ணை மூடவில்லை. "விசில் சத்தமே கேக்கல. காத்தே போகல" என்றார். இழுப்பில் சத்தம் கேட்டால் பயம். சத்தம் அடங்கிப்போனால் அதைவிடப் பயம். ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி என்று அடுத்தடுத்து ஓடினோம். நெபுலைசர் முகமூடியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கறுத்த விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் எனக்குத் தெரிகிறது.

ஐசியூவுக்கு மாற்றிய பிறகு அவருடைய மகள் முத்துலெட்சுமி என்னிடம் வந்தாள். கையில் ஒரு பல்பொடி டப்பா.

"டீச்சரம்மா, மருந்து பூராம் இதுலதான் இருக்கு. நேத்துலேருந்து ஆத்தா நாக்குல தடவித் தடவிப் பாத்துச்சு. கேக்கவே மாட்டேங்குது. கெட்டுப்போச்சா பாருங்களேன்."

திறந்தேன். அடியில் வெள்ளைத் தூள், ஈரம் குடித்துக் கட்டிதட்டிக் கிடந்தது. மூன்று மாதத்து மருந்து. ஒரு ஸ்பூன்கூட இராது.

"என்னம்மா இது?"

"வறுவலு காலத்துல வியாழக்கெழம வர முடியாதுல்ல. வரலேன்னா மருந்து இல்லேன்னு சொன்னீக. அதான் கையில இருக்கும்போதே சேத்து வச்சுக்கிருவோம்னு ஆத்தா சொல்லுச்சு. நீங்க கூடுதான் கேட்டீக. கூட்டை ஒங்ககிட்டக் குடுத்துட்டு மருந்தைப் பத்திரமா வச்சிருந்துச்சு."

குதிருக்குள் நெல் வைக்கிற மாதிரி வைத்திருக்கிறார். கஷ்ட காலம் வருவதற்கு முன்பே சேமித்திருக்கிறார். அந்தத் தூள் குழல் வழியாக நெஞ்சுக்குள் போனால்தான் மருந்து, நாக்கில் வைத்தால் வெறும் தூள். தினம் கொஞ்சம் போனால்தான் உள்ளே இருக்கும் வீக்கம் வற்றும். இதை அவருக்குச் சொல்லவேண்டிய நேரத்தில் நான் கூடு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முகமூடியைக் கழற்றினார்கள். வள்ளிக்கண்ணு முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "டீச்சரம்மா, கூட்டுக் கணக்குச் சரியாத்தானே இருந்துச்சு?"

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். மற்ற நாலு வீட்டுக்கும் போனோம். "மருந்தை எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றார். ஒரு வீட்டில் குங்குமச் சிமிழ், ஒரு வீட்டில் தைலக் குப்பி, இரண்டு வீட்டில் பல்பொடி டப்பா. யாரும் ஏமாற்றவில்லை. எல்லாரும் பெருமையாகவே எடுத்துக் காட்டினார்கள். டாக்டர் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்து, "பத்திரமா வச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து விளக்கினார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "தினம் ரெண்டு வேளை தவறாம எடுக்கிற ஆளு புத்தகத்துல இருக்காங்க. இவங்க மூச்சு முட்டும்போதுதான் எடுப்பாங்க. அப்ப எடுக்கிற மருந்துலயே வீக்கத்தை வத்த வைக்கிறதும் சேந்திருந்தா? வெளியூர்லயும் நம்மள மாதிரிச் சாதாரண ஆஸ்பத்திரில, சாதாரண ஆளுகளுக்கு அதைக் குடுத்துப் பாத்து, கேக்குதுன்னு எழுதியிருக்காங்கம்மா. அந்த ஆளுகளும் நம்ம நோட்டுல இருக்கிறவங்க மாதிரித்தான்."

முட்டலைத் திறப்பதும் வீக்கத்தை வற்றவைப்பதும் சேர்ந்த அந்த இரட்டை மருந்துக்கு எழுதிக் கேட்டு, அலைந்து வாங்க அவருக்குப் பல மாதம் ஆனது. வறுவல் காலத்துக்கு முன்னாலேயே இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்றும், அந்தக் காலத்தில் ஞாயிறு சாயங்காலம் நாங்களே அங்கே போவது என்றும் ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூட வராந்தாவில் முந்திரி வாசனைக்கு நடுவில் பெண்கள் வரிசையாக நின்று ஊதுவார்கள். அடுத்த வருஷச் சித்திரையில் வள்ளிக்கண்ணு ஊதியபோது முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, அவரே ஒரு முறை சிரித்தார். இருமல் வரவில்லை.

என் வேலைக்காலத்தில் நான் திரும்பப் போய் நிற்க ஆசைப்படுகிற இடம் அந்த வராந்தாதான்.

ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஊருக்குப் போய் வந்த மறுநாள், டாக்டர் நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"நீங்க எழுதினது. நீங்கதாம்மா அடிக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் பொய் எழுதல சார். எண்ணித்தான் எழுதினேன்."

"எண்ணினது சரிதாம்மா" என்றார். பதினைந்து கட்டத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். "அவசரமில்ல."

அவர் பென்சில் சீவியிருந்தால்கூட அன்றைக்கே அடித்திருப்பேன். அவசரமில்லை என்றதால் அடுத்த வியாழன், அடுத்த வியாழன் என்று தள்ளினேன். அந்த 'ஒழுங்கு' அவர்களைப் பற்றி எழுதியது என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் நான் என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அதன் மேல் கோடு போட எனக்குக் கை வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவே இல்லை. பிறகு அவருக்கு வடக்கே எங்கோ மாற்றல். கிளம்புகிற நாளில் பிரிவு விழாப் பரபரப்பில் நோட்டு ஞாபகமே வரவில்லை. சில வருஷம் கழித்து அவர் இறந்துபோன செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றைக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் புள்ளிகள்தான்.

வியாழக்கிழமை போனேன். அறைக்கு வெளியிலேயே 'ப்பூ' கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே புது டாக்டரம்மாவிடமும் கவிதாவிடமும் நடந்ததை முழுக்கச் சொன்னேன், கூடு எண்ணியதில் எனக்கிருந்த பெருமை உட்பட. டாக்டரம்மா கேட்டு முடித்ததும், "அப்ப மருந்து கேக்கலைன்னு இல்ல. மருந்து உள்ளயே போகல" என்றார். உடனே வரிசையில் முதலில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவரும் முந்திரி ஊர்தான். விரலைப் பார்த்தாலே தெரிந்தது.

"வீட்டுல மருந்தை எப்படி எடுக்குறீங்க? எனக்குக் காட்டுங்களேன்" என்றார் டாக்டரம்மா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கவிதா நோட்டைக் கொண்டுவந்தார். பேனா கேட்டேன்.

"கம்ப்யூட்டர்லயே மாத்திக்கிரலாம் மேடம். ஒரு நிமிஷ வேல."

"அதுல அடிச்ச கோடு தெரியாதும்மா."

பதினைந்து கட்டத்திலும் ஒற்றைக் கோடு போட்டேன். அடியில் 'ஒழுங்கு' தெரிந்தது. பக்கத்தில், 'மருந்து எடுக்கவில்லை. நான் கூடு கேட்டேன், கூடு வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வள்ளிக்கண்ணு இப்போது திருப்பூரில் மகளோடு இருக்கிறார். அவருக்குப் போன் செய்து இதைச் சொன்னால், "அதுக்கா டீச்சரம்மா இம்புட்டு நாளு?" என்று சிரிப்பார். இருமலில்லாத அந்தச் சிரிப்பைக் கேட்கவே ஒரு நாள் பேசவேண்டும்.

கவிதா குனிந்து பார்த்தார். "திருத்தினதும் புள்ளியில டிக் போடுவாருன்னு சொன்னீங்களே. பென்சில் தரவா மேடம், நீங்களே போட்டுர்றீங்களா?"

வாங்கினேன். முதல் புள்ளி மேல் முனையை வைத்தேன். கை மேலே இழுக்கவில்லை. அது என் வேலை இல்லை.

பென்சிலைக் கொடுத்துவிட்டு நோட்டை மூடினேன். புள்ளிகள் பதினைந்தும் அப்படியே இருக்கின்றன.

திருத்திட்டேன் சார்.